பழைய பிக்கப்புக்குப் புது பிரேக்... முதல் செலவு எதற்கு?

கொல்லிமலையில் சோளக்காட்டுக்கும் அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கும் இடையே 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் விளையும் அன்னாசி, வாழை, மிளகு, மரவள்ளி எல்லாம் மலையை விட்டு இறங்கித்தான் சந்தைக்கு வர வேண்டும். ஏறும்போது வண்டி பெரும்பாலும் காலியாகப் போகும். மிஞ்சினால் நாலு மூட்டை உரம் இருக்கும். இறங்கும்போதுதான் முழு லோடு. ஆகவே, மலை விவசாயியின் வண்டியில் இன்ஜினைவிட பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜினுக்குச் செய்யும் செலவில் கால்பங்குகூட பிரேக்குக்குச் செய்வதில்லை.

அந்த மலையில் அன்னாசியும் மரவள்ளியும் பயிரிடும் ஒரு விவசாயியிடம் அப்பா காலத்து பிக்கப் இருக்கிறது. மகேந்திரா ஜீப் சேசிஸில் பின்னால் தொட்டி கட்டிய டீசல் வண்டி. கடந்த மரவள்ளி சீசனில் ஏறக்குறைய ஒரு டன் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, அடிவாரத்துக்குச் சில வளைவுகள் இருக்கையில் பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தும் பிடிக்கவில்லை. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார். கியரை இரண்டாவதுக்குத் தள்ளி, மலைப்பக்கத்து மண்சுவரில் உரசி எப்படியோ நிறுத்தினார்.

அரை மணி நேரம் கழித்துப் பெடலை அழுத்திப் பார்த்தால், எதுவுமே நடக்காததுபோல பிரேக் பிடித்தது! மெதுவாக ஓட்டி வந்து பட்டறையில் காட்டினார். நான்கு சக்கரத்திலும் ஒழுகல் இல்லை, பிரேக் ஆயிலும் குறையவில்லை. "நல்லாத்தானுங்கண்ணா இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தெரிந்தவர்கள், "டிரம் பிரேக் எல்லாம் அந்தக் காலம், முன்னால ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுடுங்க" என்றார்கள். கிழங்கு விற்ற பணத்தை அதற்கென்றே ஒதுக்கி வைத்தார்.

அந்தப் பணம் டிஸ்க்குக்குப் போகாமல் தடுத்தவர், சேந்தமங்கலம் பக்கம் நாற்பது வருடமாக ஜீப் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக். அவர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. முதலில் இரண்டு கேள்வி கேட்டார்.

"எந்த கியர்லீங்க எறங்குனீங்க?"

"மூணாவதுலங்க. லோடு ஒரு டன்னுதானேன்னு..."

"பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"கொறஞ்சா ஊத்துவோமுங்க. மாத்துனதெல்லாம் இல்லீங்க."

"அப்பா காலத்துல இருந்தா?"

விவசாயி பதில் சொல்லவில்லை.

80 லிட்டர் தண்ணீர் கொதிக்கும் சூடு

பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. வேறு எந்த வேலையும் அதற்குக் கிடையாது. ஒரு கணக்குப் போட்டால் இது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும். வண்டியும் லோடும் சேர்ந்து 2,500 கிலோ என்றும், இறங்கும் உயரம் 1,000 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். மேலே இருந்து கீழே வருவதற்குள் சுமார் 24.5 மெகாஜூல் சக்தியைக் கரைத்தாக வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 7 யூனிட். கிணற்றில் இருக்கும் 5 எச்.பி. மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு அது. 80 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்.

இதில் ஒரு பகுதி டயர் உருளுவதிலும் காற்றிலும் போய்விடும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கீழ் கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மேல் கியரில் இறங்கினால் அத்தனையும் நான்கு டிரம்களின் தலையில் விழும்.

டிரம் என்பது மூடிய சட்டி மாதிரி. உள்ளே பிறக்கும் சூடு சுலபமாக வெளியே போகாது. சூடான டிரம் விரியும். பிரேக் ஷூ அதைத் தொட இன்னும் கொஞ்சம் தூரம் நகர வேண்டியிருப்பதால் பெடல் கீழே இறங்கும். சூடு மேலும் ஏறினால் லைனிங் பிடிப்பை இழக்கும். அதற்கும் மேலே போனால், சூடு வீல் சிலிண்டரைத் தாண்டிப் பிரேக் ஆயிலுக்கு வந்துவிடும்.

இங்கேதான் அந்தப் பழைய ஆயில் வில்லனானது. பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்ட திரவம். டாட் 3 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கலாம் என்பது அதே தரக் கணக்கு. டாட் 4 தரத்துக்கு இந்த அளவுகள் 230, 155. மலை மூடுபனியிலும் மழையிலும் வருடக்கணக்கில் மாற்றாமல் கிடந்த ஆயிலில் எவ்வளவு ஈரம் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் காலால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆவியை அமுக்கலாம். பெடலை எவ்வளவு மிதித்தாலும் குமிழிதான் சுருங்கும், ஷூ நகராது. வண்டி நின்று அரை மணி நேரம் ஆறினால் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும், பெடல் பழையபடி மேலே வந்துவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பிரேக் 'நல்லாத்தான்' இருக்கும். முனீஸ்வரன் வேலை என்றுகூடச் சிலர் இதற்குக் காரணம் சொல்வது உண்டு. காரணம் கால் லிட்டர் பழைய ஆயில்.

பெடல் சொல்லும் சேதி

பயிரின் இலையைப் பார்த்துச் சத்துக் குறையைக் கண்டுபிடிப்பதுபோல, பெடலை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெடல் கல்லுபோல இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. அல்லது லைனிங்கில் ஆயில், கிரீஸ் பட்டிருக்கிறது. பெடல் பஞ்சுபோல இருந்தால் குழாயில் காற்றோ ஆவியோ புகுந்திருக்கிறது. முதல் மிதியில் கீழே போய், இரண்டு மூன்று முறை அடித்தபின் மேலே வந்தால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று பொருள். அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகும். ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டிருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், எங்கும் ஒழுகாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் எதிர்ப் பக்கத்துச் சக்கரம் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

பிரேக்கை விட்டபிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுகியே இருக்கிறது, டிரம் தொட முடியாதபடி சுடுகிறது என்றால், பலர் வீல் சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அங்கே போகும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் பழைய ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, ஆயிலைப் போக விட்டுத் திரும்பி வர விடாமல் அடைத்துக்கொள்ளும்.

முதல் செலவு: இருப்பதைச் சரி செய்வது

மேற்படி விவசாயியின் வண்டியில் மெக்கானிக் முதலில் செய்தது முழுக்கப் பழுது நீக்கும் வேலைதான். நான்கு டிரம்மையும் கழற்றி, உள்ளே பள்ளம் விழுந்திருந்த இரண்டை லேத்தில் கடைந்தார். டிரம்மைக் கடைவதற்கு ஓர் எல்லை உண்டு. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் விட்டம் பெருத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். மெல்லிய டிரம் சீக்கிரம் சூடாகும், வெடிக்கவும் செய்யும். ஷூக்களுக்குப் புது லைனிங் அடித்தார். பின் சக்கரம் ஒன்றில் ஆக்ஸில் ஆயில் சீல் கசிந்து லைனிங் ஊறிப் போயிருந்தது. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றியிருந்தால் ஒரே மாதத்தில் மறுபடி ஊறியிருக்கும்.

பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்களையும் எல்லா ஹோஸ்களையும் மாற்றினார். ரப்பர் பாகங்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. உப்பிவிடும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில், டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயில் என்று கையில் கிடைத்ததை மாஸ்டர் சிலிண்டரில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இதே கதைதான். ஒரு கரண்டி கலந்தாலும் எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டி வரும். (தொடக்க காலத்தில் ஆமணக்கு எண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்துதான் பிரேக் ஆயில் தயாரித்தார்கள். நம் காட்டு ஆமணக்கு ஒரு காலத்தில் கார்களை நிறுத்தியிருக்கிறது! அதற்காக இன்றைய வண்டியில் விளக்கெண்ணெய் ஊற்றிவிட வேண்டாம்.)

இரும்புக் குழாயில் துருப்பிடித்த இடத்தை வெட்டி, ஏ.சி. வேலைக்கு வாங்கும் செம்புக் குழாயைப் போட்டு ஒட்டியிருந்ததையும் அவர் கண்டுபிடித்தார். பிரேக் குழாயில் வரும் அழுத்தத்துக்கு அது தாங்காது. அதிர்வில் விரிசல் விடும். பிரேக்குக்கென்று வரும் குழாயை, முனையை இரட்டை மடிப்பு மடித்துத்தான் பொருத்த வேண்டும்.

இந்த ஜீப்புகளில் இன்னொரு சங்கடம், மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே இருப்பது. தகட்டைத் திறந்துதான் ஆயில் ஊற்ற வேண்டும். திறக்கும்போது மேலே கிடக்கும் மண்ணும் செருப்போடு வந்த சேறும் உள்ளே விழும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதும் இல்லை. மூடியைத் திறக்கும் முன் துடைப்பது இரண்டு நிமிட வேலை.

கடைசியாகப் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, சீல் உடைக்காத புது டாட் 4 டப்பாவைத் திறந்து ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தார்கள். இந்த முதல் கட்டத்திலேயே பெடல் உயர்ந்து கெட்டியாகிவிட்டது. இதோடு நிறுத்தினாலும் வண்டி முன்பைவிடப் பல மடங்கு மேல். ஆனால் மெக்கானிக் நிறுத்தவில்லை.

இரண்டாவது செலவு: ஒரு வாய்க்கால் உடைந்தால் இன்னொன்று

பழைய வண்டிகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பிஸ்டன், ஒரே குழாய்த் தொடர். நான்கு சக்கரத்தில் எந்த ஒன்றில் ஹோஸ் வெடித்தாலும், எந்த ஒன்றில் ஆயில் கொதித்தாலும், நான்கு சக்கரமும் போச்சு. ஒரே வாய்க்காலை நம்பி நான்கு வயல் இருப்பது மாதிரி. கரை எங்கே உடைந்தாலும் நாலுக்கும் தண்ணீர் கிடையாது.

டாண்டம் மாஸ்டர் சிலிண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கு, ஒன்று பின் சக்கரங்களுக்கு. ஆயில் தொட்டியும் இரண்டு அறையாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் உடைந்தாலும் பெடல் கொஞ்சம் ஆழமாக இறங்கி மறுபக்கம் பிடிக்கும். நிற்கும் தூரம் கூடும், ஆனால் நிற்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். டிஸ்க் பிரேக்கை அப்போது யாரும் கட்டாயமாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கொல்லிமலை வண்டிக்கு மெக்கானிக் சொன்ன கணக்கும் இதுதான். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் புதிதாகப் போட முடியும் என்றால், அது டாண்டம் சிலிண்டராக இருக்கட்டும். டிஸ்க் வண்டியைச் சீக்கிரம் நிறுத்த உதவும். இரட்டைத் தொடர், பிரேக்கே இல்லாமல் போகும் நாளிலிருந்து காப்பாற்றும். 70 வளைவில் பயப்பட வேண்டியது இரண்டாவதைத்தான்.

இதில் அளவு பார்த்து வாங்குவது முக்கியம். "பெருசா போட்டா நல்லா பிடிக்கும்" என்று பெரிய விட்டமுள்ள சிலிண்டரை வாங்கிவிடுகிறார்கள். உண்மை நேர் எதிர். ஒரு அங்குல பிஸ்டனின் பரப்பு, முக்கால் அங்குல பிஸ்டனைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு. அதே காலால் அதே பலத்தோடு மிதித்தால் பெரிய பிஸ்டனில் அழுத்தம் குறைவாகத்தான் கிடைக்கும், பெடல் கல்லாகிவிடும். ரொம்பச் சின்னதாகப் போட்டால் அழுத்தம் கிடைக்கும், ஆனால் தேவையான ஆயிலைத் தள்ளுவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும். வீல் சிலிண்டர்களின் அளவைச் சொல்லி, அதற்குப் பொருந்துவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். காலடித் தகட்டுக்குக் கீழேயே தாங்கி செய்து பொருத்தலாம். பிந்தைய மாடல் பெடல் செட்டோடு இன்ஜின் பக்கத்துத் தடுப்பில் பொருத்துபவர்களும் உண்டு. இரண்டாவது வேலை கூடுதல், ஆனால் சேற்றிலிருந்து விடுதலை.

பூஸ்டர்: டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க

மூன்றாவது, பெடலை லேசாக்கும் வேக்கம் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜினில் காற்று இழுக்கும் குழாயிலிருந்தே இதற்கான வெற்றிடம் கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் அது கிடைக்காது. தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் பம்ப்போடு சேர்ந்து வருவது வழக்கம். பழைய வண்டியில் டைனமோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டி வரும். பூஸ்டரை மட்டும் வாங்கி வந்து, வெற்றிடத்துக்கு வழியில்லாமல் பட்டறை மூலையில் போட்டு வைத்தவர்கள் உண்டு.

பூஸ்டர் போட்ட வண்டியில் இறக்கத்தில் இன்ஜினை அணைக்கவே கூடாது. டீசல் மிச்சம் என்று அணைத்துவிட்டு உருட்டிவரும் பழக்கம் மலைப்பாதைகளில் இன்னும் போகவில்லை. இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பின் பெடல் பாறையாகிவிடும். லேசான பெடலுக்குப் பழகிய கால் அதை எதிர்பார்க்காது.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள். காலை அழுத்தி வைத்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று பழுது.

டிஸ்க் கடைசியில்தான்

டிஸ்க் நல்லதுதான், சந்தேகமில்லை. திறந்த வெளியில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். தண்ணீரில் இறங்கி ஏறினால் தானே உதறிக்கொள்ளும். மகேந்திராவிலேயே பின்னால் வந்த பொலேரோ போன்ற வண்டிகளுக்கு முன்னால் டிஸ்க்தான். ஆனால் டிரம்மில் ஷூ, சுற்றும் டிரம்மோடு சேர்ந்து தானே இறுகிக்கொள்ளும் குணம் உடையது. டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. முழுவதும் கால் பலத்தில்தான் பிடிக்க வேண்டும். எனவே பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்ட பாரவண்டியில், "முன்னாடியே தேவலை போலிருக்கே" என்று சொல்ல வேண்டி வரும்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு ஒன்று உள்ளே இருக்கும். அதே சிலிண்டரோடு டிஸ்க்கை இணைத்தால் பேட் விடாமல் உரசிக்கொண்டே ஓடும். டீசலும் போகும், டிஸ்க்கும் நீலம் பாரிக்கும். முன் டிஸ்க், பின் டிரம் என்ற ஏற்பாட்டுக்கென்றே செய்த சிலிண்டர்தான் வேண்டும்.

அதைவிட முக்கியம் முன்பின் சமநிலை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாயும். முன் சக்கரம்தான் அதிகம் உழைக்கும். பிக்கப்பில் லோடு இருக்கும்போது பின் சக்கரம் அழுந்தி நன்றாகப் பிடிக்கும். காலியாக இருக்கும்போதோ பின்பக்கம் இறகு மாதிரி. மழையில் அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு, வண்டியின் வால் வளைவுக்கு வெளியே வீசும். ஆகையால் "லோடு வண்டிதானே" என்று பின்னால் பெரிய வீல் சிலிண்டர் போடுவது ஆபத்தான யோசனை. புதிய பிக்கப்புகள் பலவற்றில் பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு, ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைத்து வைக்கப்பட்டிருக்கும். பழைய வண்டிக்கு அந்த வசதி கிடையாது. எந்த மாற்றம் செய்தாலும், காலி வண்டியாக ஈரத்தரையில், ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் சோதித்த பிறகே லோடு ஏற்ற வேண்டும்.

கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பட்டறையில் தகடு வெட்டி வெல்டு வைப்பதை அடியோடு தவிருங்கள். முழு பிரேக் விசையும் அந்த ஒரு வெல்டில்தான் தொங்கும்.

கொல்லிமலை விவசாயி முதல் இரண்டு வேலையோடு நிறுத்திக்கொண்டார். பூஸ்டர் அடுத்த அறுவடைக்குப் பிறகு. டிஸ்க் பற்றி இப்போது பேச்சே இல்லை. ஒதுக்கிய பணத்தில் மீதி இருந்ததற்குப் பின் சக்கர டயர்கள் இரண்டையும் மாற்றிவிட்டார். இப்போது இறங்குவது இரண்டாவது கியரில். இறங்க முன்பைவிட நேரம் கூடுகிறது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி டிரம்மைக் கையால் தொடாமல், பக்கத்தில் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் கிளம்புகிறார். நான்கில் ஒன்று மட்டும் அதிகம் சுட்டாலோ, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தாலோ அங்கே கோளாறு.

வாசகர்கள் கேட்டவை

*பழைய வண்டியில் பிரேக்கை மாற்றினால் எஃப்.சி.யில் பிரச்னை வருமா?*

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. லைனிங், சிலிண்டர், ஹோஸ் மாற்றுவது பராமரிப்பு; அதில் சிக்கல் இல்லை. டாண்டம், பூஸ்டர், டிஸ்க், ஆக்ஸில் என்று அமைப்பையே மாற்றும் முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். அதே நிறுவனத்தின் பாகங்களையே பில்லோடு வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி 8 வருடத்தைத் தாண்டிவிட்டால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும், பிரேக் வேலையை அதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிட்டால், புது லைனிங் டிரம்மோடு உட்கார நேரம் கிடைக்கும். தொட்டியில் கூலியாட்களை ஏற்றிச் செல்வது எந்தப் பிரேக் போட்டாலும் சட்டப்படி குற்றம்தான்.

*ஜீப்பில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைத் தூக்கியபோது வண்டி உருண்டுவிட்டது. ஏன்?*

பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினால், டிஃபரன்ஷியல் வழியாக அது தாராளமாகச் சுற்றும். தரையில் உள்ள சக்கரம் உருளும். அடைக்கட்டை வைக்காமல் ஜாக்கியில் கை வைக்காதீர்கள். கல்லைவிட, ஆப்பு வடிவில் அறுத்த இரண்டு மரக்கட்டைகளை வண்டியிலேயே போட்டு வைப்பது உத்தமம்.

*டிராக்டரில் டிரெய்லர் இழுக்கும்போது பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் திருப்புகிறது. டிரம் மாற்ற வேண்டுமா?*

முதலில் இரண்டு பெடலையும் இணைக்கும் கொக்கியைப் பாருங்கள். வயலில் தலைமாட்டில் திரும்ப வசதியாக இடது, வலது என்று தனித்தனிப் பெடல் கொடுத்திருக்கிறார்கள். சாலைக்கு வரும்போது கொக்கியை மாட்டி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மாட்டியபிறகும் திருப்பினால், இரண்டு பக்கமும் பெடல் ஆட்டம் ஒரே அளவில் இல்லை. அட்ஜஸ்ட் செய்யும் நட்டில் சரிசெய்து, ஆளில்லாத மண்சாலையில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள்; இரண்டு பின் டயரும் ஒரே நீளத்துக்குத் தடம் பதிக்க வேண்டும்.